பூ உதிர்ந்த ஆர்க்கிட் பிழைத்த கதை

கோவையில் வாங்கிய ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் மூன்று மாதம் பூத்துவிட்டு மொட்டையாக நின்றது. பூ போனதும் எனக்குப் பாசம் கூடி, தினமும் தண்ணீர் ஊற்றினேன். இலைகள் துவண்டன. சரி, தாகம் போல என்று இன்னும் ஊற்றினேன்!

ஒருநாள் தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தால், வேர்களுக்கு நடுவில் மண்ணுக்குப் பதிலாக இறுக்கித் திணித்திருந்த பாசி சொதசொதவென்று இருந்தது. பாதி வேர் அழுகல். வேர் இல்லாத செடி எப்படித் தண்ணீர் குடிக்கும்? கத்தரியைத் தீயில் காட்டி, அமுக்கினால் நசுங்கும் பழுப்பு வேர்களை வெட்டினேன், கெட்டியானவற்றைத் தொடவில்லை. காய்ந்துபோன பூந்தண்டையும் அடியோடு நறுக்கினேன். (பச்சையாக இருந்திருந்தால் கணுவுக்கு மேலே வெட்டியிருப்பேன், அங்கிருந்தே கிளைக்கலாம்.) அப்புறம் மரப்பட்டைத் துண்டும் கரியும் கலந்து, ஓட்டை போட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவில் நட்டேன். வேர் வெளியே தெரிவது பெரிய வசதி: வெள்ளி நிறமானால் தண்ணீர், பச்சையாக இருந்தால் வேண்டாம்.

கிழக்கு ஜன்னலோரம் வைத்தேன். புது இலை வரவே நான்கு மாதம் ஆனது. மார்கழிக் குளிரில் இலையிடுக்கில் ஒரு முளை. புது வேரா, பூந்தண்டா? வேர் நுனி உருண்டையாக இருக்கும். இது சற்றுத் தட்டையாக, குழந்தையின் கையுறை போல இருந்தது. பூந்தண்டேதான்.