விளையாட்டு அறையை ஒழுங்குபடுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டு அறையை ஒழுங்குபடுத்தலாம் என்று கிளம்பியதும் பலரும் முதலில் செய்வது டப்பா வாங்குவது. ஒரே அளவில், ஒரே நிறத்தில், மூடி போட்ட பத்துப் பன்னிரண்டு டப்பாக்கள். தரையில் கிடப்பதையெல்லாம் அள்ளிப் போட்டு அடுக்கிவிட்டால் அறை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டே நாளில் பழையபடி ஆகிவிடும். வேண்டாத சாமான்களைக் கழித்துக்கட்டிய பிறகுதான் எத்தனை டப்பா வேண்டும், எந்த அளவில் வேண்டும் என்றே தெரியவரும். பல நேரம் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்காது.

கழிப்பதற்குச் சுலபமானது உடைந்தவையும் உபயோகமற்றவையும்தான். பாதித் துண்டுகள் தொலைந்த ஜிக்சா, காய்ந்துபோன ஸ்கெட்ச் பேனா, ஜோடி இல்லாத வாக்கி டாக்கி. சக்கரம் போன காரை மட்டும் எறிவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு அதுதான் உயிர். அடுத்து, வயது கடந்தவை. இங்கே கை தயங்குவது பெரும்பாலும் நமக்குத்தான். என்ன விலை கொடுத்தோம், யார் வாங்கித் தந்தது என்பதெல்லாம் பிள்ளையின் கணக்கில் இல்லை.

பிள்ளை பள்ளிக்குப் போன நேரம் பார்த்து மூட்டை கட்டி வெளியே அனுப்புவது இன்னொரு தவறு. அன்றைக்கு வேலை முடிந்துவிடும், சரி. ஆனால் ஒரு பொருள் காணாமல் போனதைக் கண்டுபிடித்த பிள்ளை, அதற்கப்புறம் பழைய ஸ்டிக்கர் தாளைக்கூட விட்டுக்கொடுக்காது. "இதில் எதைக் கொடுத்துவிடலாம்?" என்று கேட்டால் பதில் வராது. "இந்த ஐந்தில் உனக்கு வேண்டிய மூன்றை எடு" என்றால் எடுக்கும். முடிவு தெரியாதவற்றை ஒரு பெட்டியில் போட்டுத் தேதி எழுதி மறைவாக வைக்கலாம். ஒரு மாதம் போல யாரும் தேடவில்லை என்றால் கொடுத்துவிடலாம், அதையும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு. தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பொம்மை எவ்வளவு கிழிந்திருந்தாலும் இந்தக் கணக்கிலேயே வரக்கூடாது.

மிச்சம் இருப்பதையெல்லாம் ஒரே நேரத்தில் கண்ணெதிரே பரப்பி வைப்பதும் வேண்டாம். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 36 சிறு குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள், அதையே விதவிதமாகப் பயன்படுத்தியும் விளையாடினார்கள். இதற்காக வீட்டில் எண்ணி நான்கோடு நிறுத்த வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்கை வெளியே வைத்து மற்றதை எடுத்து வைத்து, ஆர்வம் குறையும்போது மாற்றினால் போதும். தேதி பார்த்து மாற்றாதீர்கள். ரயில் தண்டவாளத்தில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளையிடமிருந்து "இன்றைக்கு மாற்ற வேண்டிய நாள்" என்று அதைப் பிடுங்குவது அபத்தம்.

அடுக்கும்போது நாம் பார்ப்பது அறை எப்படித் தெரிகிறது என்பதை. திரும்ப எடுத்து வைக்கப் போகிறவருக்கோ நான்கு வயது. மேல் தட்டில் இருக்கும் கிளிப் மூடி டப்பாவை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரே ஒரு காரைப் போட, பிள்ளை எம்பி டப்பாவை இறக்க வேண்டும், நாலு கிளிப்பைக் கழற்ற வேண்டும், போட்டதும் மூடியைச் சரியாகப் பொருத்தி அமுக்க வேண்டும், மறுபடி தூக்கி மேலே வைக்க வேண்டும். கார் தரையிலேயே கிடப்பதில் என்ன ஆச்சரியம்? கல்வியாளர் மரியா மான்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியிலிருந்து வளர்ந்த கல்வி முறையில், சாமான்கள் குழந்தை கைக்கு எட்டும் தாழ்வான திறந்த தட்டுகளில்தான் இருக்கும். மூடி இல்லாத, ஆழம் குறைந்த கூடையில் தூரத்திலிருந்தே வீசலாம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவும் செய்யும்.

எல்லாவற்றையும் விழுங்கும் ஒரே பெரிய பெட்டி இதற்கு நேர் எதிரான தவறு. அடியில் கிடக்கும் குதிரைக்காக மொத்தத்தையும் தரையில் கொட்ட வேண்டியிருக்கும். அதற்காக லெகோவை நிறம் நிறமாகப் பிரித்து வைக்கவும் வேண்டாம். ஒரு வீடு கட்டி முடிப்பதற்குள் எல்லாம் கலந்துவிடும். பிள்ளை தானே பெயர் சொல்லும் பிரிவுகள் போதும்: கார், கட்டை, சமையல் சாமான், மிருகங்கள். படிக்கத் தெரியாத வயதில் கூடைமேல் பெயருக்குப் பதில் படம் ஒட்டுங்கள்.

எல்லாமே கைக்கு எட்டும்படியும் இருக்கக்கூடாது. பெயின்ட், பசை, கோக்கும் மணி, பொடிச் சாமான்கள் மேலேயே இருக்கட்டும். டாய்லெட் பேப்பர் சுருளின் நடு அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் வேண்டாம். அண்ணன், அக்கா இருக்கும் வீட்டில் இது அடிக்கடி நழுவும். பட்டன் பேட்டரி உள்ள பொம்மையில் பேட்டரி மூடிக்குத் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுவும் கழிக்க வேண்டியதுதான். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கக்கூடும். விழுங்கினதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சின்னக் காந்தங்களும் அப்படித்தான். ஒன்றுக்கு மேல் உள்ளே போனால் குடலை நடுவே வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அப்புறம், அலமாரியைச் சுவரோடு சேர்த்துப் பிணைக்காமல் விடாதீர்கள். தாழ்வான தட்டு என்றால் பிள்ளைக்கு அது படிக்கட்டு. பாரமான சாமான்கள் அடித்தட்டில்தான் இருக்க வேண்டும்.

ஒழுங்குபடுத்தி முடித்தபின் வருவது தினசரி எடுத்து வைக்கும் வேலை. "ரூமைச் சுத்தம் பண்ணு" என்றால் சின்னப் பிள்ளைக்கு எங்கே தொடங்குவதென்றே புரியாது. "காரையெல்லாம் இந்தக் கூடையில் போடு" என்றால் புரியும். அது முடிந்ததும் அடுத்ததைச் சொல்லலாம். பாதி கட்டிய கோட்டையையும் தினமும் கலைக்கச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். அதற்கென்று ஒரு அகலமான தட்டைக் கொடுத்துவிடுங்கள். அதன்மேல் கட்டுவது நாளைக்கும் அப்படியே இருக்கலாம், அதற்கு வெளியே இருப்பதெல்லாம் கூடைக்குப் போக வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டால், பெருக்குகிற நேரத்தில் தட்டோடு தூக்கி நகர்த்திவிடலாம்.