ரெண்டு பக்கமும் உயிரை பறிகொடுத்த வீட்டுக்காரங்கள ஒண்ணா உக்கார வைக்கணுமா? எங்க தாராவி அனுபவம்

மும்பை தாராவில எங்க லைன்ல ரெண்டு வீடு. ஒரு இந்து வீட்ல, 92 டிசம்பர்ல பாபர் மசூதிய இடிச்சதுக்கப்புறம் வந்த கலவரத்துல பையன் போயிட்டான், இன்னொரு முஸ்லிம் வீட்ல 93 ஜனவரில அதே கலவரம் திரும்ப வெடிச்சப்போ வாப்பா போயிட்டாங்க. ரெண்டுமே திருநெல்வேலி பக்கத்துலருந்து வந்த குடும்பம்தான், ஒரே தமிழு, ஒரே குழாயடி, ஆனா வருஷக்கணக்கா முகங்குடுத்து பேசிக்கல. நாங்க நாலஞ்சு பேர் சேந்து அவங்கள உக்கார வச்சோம். உங்க ஏரியால யாராவது இத செய்ய நெனச்சா உதவுமேனுதான் எழுதுறேன்.

மொதல்ல மீட்டிங் போடாதீங்க. தனித்தனியா வீட்டுக்கு போங்க, மூணு தடவ நாலு தடவ போங்க, சமாதானம் ஒற்றுமைனு வாயத் தொறக்காம போனவங்கள பத்தி மட்டும் கேளுங்க, என்ன வேல பாத்தாரு, என்ன புடிக்கும், வீட்ல எப்படி கூப்புடுவீங்கனு. ரெண்டு பக்கத்துலருந்தும் ஆளுக்கு ஒருத்தரா சேந்து போகணும், அண்ணாச்சி மட்டும் போனா பாய் வீட்ல மனசு தொறக்காது, பாய் மட்டும் போனாலும் அதே கததான். கலவரத்துல காணாம போனவங்க வீடுன்னா ரொம்ப ஜாக்கிரத. 2022 நவம்பர்லகூட காணாம போன 108 பேரோட வாரிசுங்கள தேடச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு. பொணத்த கண்ணால பாக்காத வீட்ல போயி ‘இறந்துட்டாரு’ங்கற வார்த்தைய நாம சொல்லவே கூடாது.

இது நடக்குற காரியமானு கேப்பீங்க. இஸ்ரேல் பாலஸ்தீனத்துலயே நடக்குது. 1994ல ஹமாஸ் கையில மகன பறிகொடுத்த இட்சாக் ஃப்ராங்கெந்தால்ங்கற அப்பா 1995ல பேரன்ட்ஸ் சர்க்கிள்னு பறிகொடுத்த குடும்பங்களுக்கான அமைப்ப ஆரம்பிச்சாரு, இன்னிக்கு ரெண்டு பக்கமும் சேத்து 600க்கும் மேல குடும்பம் அதுல இருக்கு. அதுல இருக்குற இஸ்ரேல்காரர் ராமி எல்ஹனானோட 13 வயசு பொண்ணு 1997ல ஜெருசலேம் குண்டுவெடிப்புல போச்சு, பாலஸ்தீனக்காரர் பஸ்ஸாம் அராமினோட 10 வயசு பொண்ணு 2007ல ஸ்கூல் பக்கத்துல இஸ்ரேல் போலீஸ் சுட்ட ரப்பர் குண்டுல போச்சு, இந்த ரெண்டு அப்பாவும் இப்ப அண்ணன் தம்பி மாதிரி ஊர் ஊரா சேந்து போயி பேசுறாங்க. ராமி மொதமொதல்ல அந்த கூட்டத்துக்கு போனப்போ கறுப்பு உடுப்பு போட்ட ஒரு அம்மா தன் புள்ள போட்டோவ நெஞ்சுல குத்திக்கிட்டு பஸ்ஸுலருந்து எறங்குறத பாத்தாராம். அதத்தான் நாங்களும் புடிச்சுக்கிட்டோம், வரும்போது ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்கனு மட்டும் சொன்னோம்.

எடம் கோயிலும் வேணாம், பள்ளிவாசலும் வேணாம், கட்சி ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் பக்கமே போகாதீங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒரு பால்வாடி ரூம் போதும். ஒரு வீட்டுக்கு ரெண்டு பேரு, அதுல ஒரு பொம்பள கட்டாயம் இருக்கணும், பேச்ச தூக்கி நிறுத்துறது அவங்கதான். மொபைல வெளிய வச்சுடுங்க, வீடியோ எடுத்தா மனசு மூடிக்கும். இந்திக்காரங்க குடும்பமும் வந்தா வெளியாள் ஒருத்தர் வரி வரியா மாத்தி சொல்லட்டும், சொந்தப் புள்ளைய வச்சு பண்ணாதீங்க, அதுக்கு அழுகை வந்துடும்.

எங்க மீட்டிங்ல மொத பத்து நிமிஷம் யாரும் பேசல, சாய் ஆறிப்போச்சு. அப்புறம் அந்தம்மா பையன் போட்டோவ மேசையில வச்சாங்க, ஓரத்துல தண்ணி பட்டு வெளுத்துப்போன ஸ்கூல் போட்டோ. எதுர இருந்த அக்கா அத எடுத்து முந்தானையால தொடச்சுட்டு ‘இது எந்த ஸ்கூல் யூனிபார்ம் மைனி’னு கேட்டாங்க, எங்க ஊர்ல அண்ணிய கூப்புடுற அந்த மைனிங்கற வார்த்தைக்கப்புறம்தான் ரெண்டு பேரும் அழுதாங்க. நடுவுல புகுந்து தேத்தாதீங்க, அழட்டும்.

ரெண்டு விஷயம் நடக்க விடக்கூடாது. ஒண்ணு கணக்கு பேசுறது. இந்தக் கலவரத்த விசாரிச்ச ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்குப்படி 900 பேர் செத்தாங்க, அதுல 575 பேர் முஸ்லிம், 275 பேர் இந்து. இது எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய உண்மைதான், மறைக்கவும் கூடாது, ஆனா மொத நாள் அந்த ரூம்ல யாருக்கு அதிகம்னு ஆரம்பிச்சா அதோட முடிஞ்சுது. இன்னொண்ணு ‘மன்னிச்சுடுங்க’னு நாம கேக்குறது. அத கேக்க நமக்கு உரிமையே இல்ல. கேஸ், நஷ்டஈடு இருந்தா அது பாட்டுக்கு நடக்கட்டும், இங்க வந்ததால அத விட்டுடணும்னு யாராவது சொன்னா நீங்களே எந்திரிச்சு மறுத்து பேசுங்க.

வெளிய போயி பேசுறதெல்லாம் மாசக்கணக்குல பழகினதுக்கப்புறம்தான். அவங்களா கேட்டா ஸ்கூலுக்கு ஜோடியா கூட்டிட்டு போங்க, தனியா அனுப்பாதீங்க. சொந்த ஆளுங்களே துரோகினு சொல்லுவாங்க, அத முன்னாடியே சொல்லி வச்சுடுங்க. மசூதிய இடிச்ச நாளான டிசம்பர் 6 வர்ற வாரம் வதந்தி பரவும், அப்ப ஒரு வீட்லருந்து இன்னொரு வீட்டுக்கு நேரா போன் போட்டு கேக்குற மாதிரி நம்பர் இருக்கணும். 92-93க்கு அப்புறம் மும்பைல மொஹல்லா கமிட்டி ஆரம்பிச்சப்போ ரெண்டு பக்கத்து ஆளுங்களும் போலீஸும் பேசிப் பழகினாங்களே, அதே வழிதான்.

மீட்டிங் முடிஞ்ச ராத்திரி ரெண்டு வீட்லயும் தூக்கம் வராது. மறுநாள் காலைல நேர்ல போயி எட்டிப் பாருங்க, அடுத்த மீட்டிங் எப்பனு நீங்க சொல்லாதீங்க. எங்ககிட்ட அந்த அக்கா பன்னெண்டு நாள் கழிச்சுதான் கேட்டாங்க, அதுவும் ரேஷன் கடை லைன்ல வச்சு, மைனி வருவாங்கல்லனு.