மின்சாரக் கார் ரேஞ்ச்: உங்கள் ரோட்டுக்கான கணக்கை நீங்களே எடுப்பது எப்படி?

ஷோரூமில் சொல்லும் ரேஞ்ச், அதாவது ஒரு ஃபுல் சார்ஜில் ஓடும் தூரம், ஆய்வகத்தில் உருளைகள் மேல் ஏசி போடாமல் ஓட்டி எடுத்தது. அந்தச் சோதனையில் உச்ச வேகமே 90 கி.மீ. தான். 30.2 யூனிட் (kWh) பேட்டரி கொண்ட பழைய டாடா நெக்ஸான் ஈ.வி.க்குச் சான்றிதழில் 312 கி.மீ.; பைபாஸில் ஏசியோடு ஓட்டினால் 200-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். மீட்டரில் தெரியும் எண்ணோ நீங்கள் கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் ஊகம். நம்ப வேண்டியது ஒரே ஒரு எண்ணை: ஒரு சதவீத சார்ஜுக்கு எத்தனை கி.மீ.?

1. காலையில் டயர் சூடாகும் முன் காற்றுப் பிடியுங்கள். அளவு டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும்.

2. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி என்றால் முதலில் 100 வரை ஏற்றுங்கள். அதன் வோல்டேஜ் நடுவில் அவ்வளவாக மாறாது, அதனால் அதை வைத்துச் சார்ஜைக் கணிப்பது வண்டிக்குக் கஷ்டம். அடிக்கடி பாதியிலேயே நிறுத்தினால் சதவீதக் கணக்கு பிசகும்.

3. டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 40 சதவீதமாவது இறங்க வேண்டும். 10 சதவீதத்தில் ஒன்று பிசகினால் கணக்கில் பத்தில் ஒரு பங்கு போச்சு.

4. போய்த் திரும்பி வாருங்கள். கொங்கு நாட்டில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கோவை ஈரோட்டைவிட 200 மீட்டருக்கு மேல் உயரம். போதாததற்கு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கத்திக் காற்று அடிக்கும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுதான். ஈரோடு போகும்போது இறக்கமும் காற்றும் உங்கள் பக்கம், திரும்பும்போது இரண்டுமே எதிரே. 80-ல் போகும் வண்டிக்கு 20 கி.மீ. எதிர்க்காற்று வந்தால் காற்றுத்தடை 100-ல் போவதற்குச் சமம், அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல்.

45 யூனிட் பேட்டரிக்கு உதாரணமாக, போக 100 கி.மீ.க்கு 25 சதவீதம், திரும்ப 35 சதவீதம் என்று வைப்போம். போன கணக்கை மட்டும் நம்பினால் ஃபுல் சார்ஜுக்கு 400 கி.மீ., திரும்பியதை மட்டும் நம்பினால் 285. இரண்டையும் சேர்த்தால் 200-ஐ 60-ஆல் வகுத்து, சதவீதத்துக்கு 3.3 கி.மீ. கடைசி 15 சதவீதத்தைத் தொடாமல் 85-ஆல் பெருக்கினால் சுமார் 280. பயணத் திட்டம் இந்த எண்ணில்தான் இருக்க வேண்டும். ஆடியில் பாலக்காடு பக்கம் போவதென்றால் 35 சதவீதக் கணக்கையே எடுங்கள்.

ஏசியைப் பற்றிய பயம் ஹைவேயில் வேண்டாம். அது மணிக்கு ஒரு யூனிட் இழுத்தால், 80 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு யூனிட் 80 கி.மீ.க்குப் பரவிவிடும். காந்திபுரம் நெரிசலில் 20-ல் ஊர்ந்தால் வெறும் 20 கி.மீ.க்கு அதே ஒரு யூனிட். டவுனுக்குத் தனியாக ஒரு கணக்கு எடுத்து வைப்பது நல்லது.

மலைக்கு இந்த எண் மட்டும் போதாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற்றம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்கவே 9 யூனிட் வேண்டும். 45 யூனிட் பேட்டரியில் அது 20 சதவீதம். 50 கி.மீ.க்கான வழக்கமான 15-ஐயும், தொடாமல் வைக்கும் கடைசி 15-ஐயும் சேர்த்து 50 சதவீதமாவது கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். இறங்கும்போது மோட்டார் பிரேக் (வேகத்தைக் குறைக்கையில் மோட்டாரே மின்சாரம் தயாரிப்பது) அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடமிருக்காது, கால் பிரேக்தான் முழுச் சுமையையும் தாங்கும். அதனால் ஊட்டியில் சார்ஜ் போட்டால் 80-லேயே நிறுத்திவிடுங்கள்.