சிரட்டைக் கரியில் கெட்டில் கிறில்: மூடி போட்டதும் தணல் ஏன் அணைகிறது?

கனடாவில் இருக்கும் மச்சான் கப்பலில் அனுப்பிய பெட்டிக்குள் உடுப்பு, சொக்லேட்டோடு 57 சென்ரிமீற்றர் அகலக் கெட்டில் கிறில் (மூடி போட்டுக் கரியில் இறைச்சி சுடும் உருண்டை அடுப்பு) ஒன்றும் கழற்றி அடுக்கப்பட்டு வந்தது. பூட்டுவதற்கு அரை மணித்தியாலம் போதும், அதை நான் விளக்கப் போவதில்லை. பூட்டிய பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமை எனக்கு நெருப்புச் சரிவரவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

தொலைபேசியில் மச்சான் சொன்னதும் காணொளிகளில் பார்த்ததும் ஒரே கதை: கரியை மூட்டு, ஒரு பக்கம் ஒதுக்கு, மூடியைப் போடு, கீழ்த் துவாரத்தைப் பாதி திற, ஒரு மணித்தியாலம் தொடாதே. அப்படியே செய்தேன். மூடி போட்டு இருபது நிமிடத்தில் தணல் மங்கும். திறந்து பனையோலை விசிறியால் விசிறினால் சிவக்கும். மூடினால் திரும்பவும் மங்கும். கோழியின் தோல் கருகியிருக்கும், எலும்போரம் இரத்தம் தெரியும்.

அவர்கள் பாவிப்பது அச்சில் அழுத்திய பிரிக்கெட் கரி. எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம், இடையில் காற்றுப் போக வழி தானாகவே இருக்கும். கொழும்பில் நமக்குச் சுலபமாகக் கிடைப்பது சிரட்டைக் கரி. குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கத்துத் தென்னந்தோட்டங்களின் சிரட்டையைக் குழியிலோ பீப்பாயிலோ காற்றுப் புகாமல் எரித்து எடுப்பது. வெப்பம் அதிகம், புகை குறைவு. உணவுக்கு இதைவிட நல்ல கரி எனக்குத் தெரியாது. ஆனால் அது வளைந்த சில்லுச் சில்லாக இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று படிந்துகொள்ளும். மூட்டையின் அடியில் தூள் வேறு.

காரணத்தைக் கண்டுபிடித்தது அம்மா. ஆறாவது ஞாயிறு காலை சாம்பல் கொட்டக் கரித்தட்டைத் தூக்கினேன். அடியில் இருக்கும் மூன்று துவாரமும் தெரியவில்லை, அவற்றின் மேல் கரித்தூள் கோப்பிச் சக்கை மாதிரி அப்பிப்போய் இருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஊரில ஸ்திரிக்கைப் பெட்டிக்குக் கரியை அரிச்சுத்தானே போடுவம்? தூளைப் போட்டா பெட்டி மூச்செடுக்காது" என்றார். யாழ்ப்பாணத்தில் ஊமல் (பனங்கொட்டை ஓடு) கரியோ சிரட்டைக் கரியோ போட்டு உடுப்பு அழுத்திய ஆட்களுக்கு இது சின்ன விசயம். கெட்டில் கிறிலும் அந்தப் பெட்டியும் ஒரே மாதிரித்தான் வேலை செய்கின்றன: கீழே காற்று நுழைய வேண்டும், மேலே போக வேண்டும், நடுவில் எதுவும் அடைக்கக் கூடாது.

கரியை அரியுங்கள்

இதைத் தவிர்த்தால் மற்ற எதுவும் உதவாது. அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையில் இரண்டு முழம் ஹாட்வெயார் கடையில் வாங்கி மரச் சட்டத்தில் அடித்துக்கொண்டேன். மூட்டையை அதில் கொட்டி ஆட்டினால் தூளும் குறுணியும் கீழே போய்விடும், விரல் நீளத் துண்டுகள் மேலே நிற்கும். நான் வாங்கும் மூட்டையில் ஐந்தில் ஒரு பங்கு கழிகிறது. எறிய வேண்டாம், அந்தூரியம் சாடிக்குப் போடலாம்.

அரிக்கும்போதே இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த, காய்ந்த கரி கண்ணாடிச் சில்லு மாதிரி 'டிங்' என்று கேட்கும். மந்தமான சத்தம் வந்தால் ஈரம். கொழும்புக் காற்றில் திறந்த மூட்டை ஒரு கிழமைக்குள் ஈரம் குடித்துவிடும். சாக்கில் பரப்பி அரை நாள் வெய்யிலில் விட்டால் சரி. ஒரு துண்டை உடைத்தும் பாருங்கள், உள்ளே மண்ணிறம் தெரிந்தால் பாதி வெந்த சிரட்டை. அது புகைக்கும், பொறி பறக்கும். பொறுக்கி விறகடுப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

கிறிலோடு வரும் கரித்தட்டின் கம்பி இடைவெளியும் சிரட்டைக் கரிக்கு அகலம். பழைய இரும்புக் கம்பித் தட்டு ஒன்றை அதற்குக் குறுக்கே போட்டால் கட்டம் கட்டமாகி இடைவெளி பாதியாகும். கரி அரித்த அந்த வலையையே வெட்டிப் போடலாமே என்று நினைக்காதீர்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கல்வனைஸ் வலை, அதாவது நாகம் பூசியது. தணலில் அந்தப் பூச்சு ஆவியாகும், அந்தப் புகை உடம்புக்குக் கூடாது. வெறும் இரும்பு, இல்லாவிட்டால் எவர்சில்வர்.

மூட்டுவது

மண்ணெண்ணெய் வேண்டாம். எவ்வளவு எரிந்தாலும் அந்த வாடை முதல் இறைச்சியில் ஏறிவிடும். கரி மூட்டும் சிம்னி என்று ஓர் உருளை விற்கிறார்கள், ஆனால் பெரிய பிஸ்கட் தகரமோ எண்ணெய்த் தகரமோ போதும். பெயின்ற் இருந்த வாளியை மட்டும் எடுக்க வேண்டாம். அடியையும் மேலையும் வெட்டி, அடியில் இருந்து நாலு விரல் உயரத்தில் கம்பிகள் குறுக்கே செருகி, அதற்குக் கீழே சுற்றிவர ஆணியால் பெரிய துளைகள் போடுங்கள். கம்பிக்குக் கீழே காய்ந்த பன்னாடை அல்லது தேங்காய்ப் பொச்சு, மேலே கரி. பன்னாடைக்கு ஒரு நெருப்புக்குச்சி போதும். சூடான காற்று மேலே ஏற ஏற கீழே புதுக் காற்று இழுபடும், நீங்கள் விசிறத் தேவையில்லை.

முதல் ஐந்து நிமிடம் சிரட்டைக் கரி படபடவென்று வெடிக்கும். இது வழமை. தள்ளி நில்லுங்கள், நைலோன் உடுப்போடு கிட்டப் போக வேண்டாம், பிள்ளைகளை வீட்டுக்குள் விடுங்கள். சத்தம் அடங்கி மேல் துண்டுகளின் ஓரம் சாம்பல் பூத்தால் ஆயத்தம். எனக்குப் பதினைந்து நிமிடம் எடுக்கிறது.

நாலு பேருக்கு மொத்தம் ஒன்றரைக் கிலோ கரி எடுப்பேன். பாதியை மூட்டாமல் கிறிலின் ஒரு பக்கத்தில் குவித்து, மூட்டிய பாதியை அதன் மேல் கொட்டுவேன். கீழ்க் கரி மெல்ல மெல்லப் பற்றும், நடுவில் சேர்க்கத் தேவையில்லை. கரி மறுபக்கம் சரியாமல் காய்ந்த செங்கல் இரண்டை நிறுத்துங்கள். வெறுமையான பக்கத்தில் இறைச்சியின் நெய் வடிய ஒரு பழைய தட்டம், அதில் கொஞ்சம் தண்ணீர்.

மூடியும் துவாரமும்

1952இல் சிகாகோப் பக்கம் கடல் மிதவைகள் செய்த உலோகப் பட்டறை ஒன்றில் வேலை செய்த ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர், மிதவையின் கோளத்தைப் பாதியாக வெட்டிச் செய்ததுதான் இந்த அடுப்பு. திறந்த அடுப்பில் காற்று அவரைப் படுத்திய பாடுதான் அந்த வேலைக்குக் காரணம். வெள்ளவத்தையில் கடலோரத்தில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் என் பின்வளவில் பின்னேரம் வீசும் காற்றை நினைத்தால் அவரை நன்றாக விளங்குகிறது. மூடி சமையலுக்கு மட்டுமல்ல, காற்றைக் கட்டுப்படுத்தவும்தான். தணலின் சூட்டைக் கூட்டிக் குறைப்பது கரி அல்ல, உள்ளே போகும் காற்று.

நான் செய்வது இதுதான். மேல் துவாரத்தை எப்போதும் முழுதாகத் திறந்து, அது இறைச்சியின் நேர்மேலே வரும்படி மூடியைத் திருப்பி வைப்பேன். அப்போது கரிப் பக்கத்துச் சூடு இறைச்சியைக் கடந்துதான் வெளியே போகும். கட்டுப்பாடு முழுக்கக் கீழ்த் துவாரத்தில். முதல் ஐந்து நிமிடம் முழுதாகத் திறப்பேன், பிறகு சுண்டுவிரல் அகலத்துக்குக் குறைப்பேன். மாற்றினால் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள், உடனே தெரியாது. அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப அசைத்தால் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதும் அப்படித்தான்: ஒவ்வொரு தரமும் காற்றுப் புகுந்து தணல் சீறும், சேர்ந்த சூடு வெளியே போகும், நெய் விழுந்த இடம் பற்றும்.

மூடியில் உள்ள வெப்பமானி மூடிக்குக் கீழே உள்ள காற்றைத்தான் அளக்கிறது, இறைச்சி இருக்கும் இடத்தை அல்ல. உள்ளங்கையைக் கம்பித் தட்டுக்கு ஒரு சாண் மேலே பிடித்து எண்ணுங்கள். கரிப் பக்கத்தில் இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டும். மறுபக்கத்தில் ஏழு எட்டு வரை தாங்கலாம்.

விறகு

வாசத்துக்குத்தான் விறகு, சூட்டுக்கு அல்ல. கைப்பிடி அளவில் இரண்டு துண்டு போதும். எனக்குப் பிடித்தது பட்டை உரித்த கறுவாத் தடி. காலி, மாத்தறைப் பக்கம் அதை விறகாகவே கட்டி வைத்திருப்பார்கள், போய்வரும்போது ஒரு கட்டு வாங்கி வருவேன். மெல்லிய வாசம், மீனுக்கும் கோழிக்கும் பொருந்தும். அடுத்தது கொய்யா. மா பரவாயில்லை. 2022இல் எரிவாயு கிடைக்காமல் கொழும்பு முழுக்க இறப்பர் விறகு எரித்தோமே, சமைக்க அது சரி, கிறிலில் அதன் புகை எனக்குப் பிடிக்கவில்லை. பெயின்ற் அடித்த மரம், சிப்போர்ட், பழைய பலட் பலகை எதுவும் வேண்டாம். அலரி நச்சு மரம், பக்கத்திலும் எடுக்க வேண்டாம்.

விறகைத் தண்ணீரில் ஊற வைக்கச் சொல்வார்கள். தண்ணீர் மரத்துக்குள் ஆழமாகப் போவதில்லை, அந்த நனைப்புக் காய்வதற்குள் நெருப்பின் சூடுதான் வீணாகும். காய்ந்த துண்டையே தணலின் ஓரத்தில் வையுங்கள். மூடியில் இருந்து வெள்ளையாக, தடிப்பாகப் புகை வந்தால் இறைச்சி கசக்கும், கீழ்த் துவாரத்தைக் கொஞ்சம் கூட்டிப் பொறுங்கள். நீலம் கலந்த மெல்லிய புகைதான் வேண்டும்.

கோழிக்கால்

இஞ்சி, உள்ளி, மிளகு, உப்பு, தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் தயிர், யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி. பிரட்டி நாலு மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கறித்தூள் ஏற்கெனவே வறுத்தது, நேர்த்தணலில் மூன்று நிமிடத்தில் கருகிக் கசந்துவிடும். ஆகவே முதலில் வெறும் பக்கத்தில், தோல் மேலே பார்க்க வைத்து மூடுங்கள். நாற்பது நிமிடம் தொட வேண்டாம். கடைசியில் மட்டும் கரிப் பக்கத்துக்கு மாற்றி, தோலைக் கீழே போட்டு, ஒரு நிமிடத்துக்குள் எடுங்கள்.

வெந்ததா என்பதை நிறத்தில் தீர்மானிக்காதீர்கள். கிறிலுக்கு நீங்கள் வாங்க வேண்டிய முதல் சாமான் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி, அழகான கரண்டிகள் பிறகு. தடிப்பான இடத்தில், எலும்பில் முட்டாமல் 74 பாகை செல்சியஸ் காட்டினால் சாப்பிடலாம். காலையும் தொடையையும் நான் 80 தாண்ட விடுவேன், எலும்போரச் சவ்வு அப்போதுதான் இளகும். போயா (பௌர்ணமி விடுமுறை) அன்றுக்குத் திட்டம் போட்டால், இறைச்சிக் கடைகள் பூட்டு, முதல் நாளே கோழி வாங்கி வையுங்கள்.

மீனுக்கு நேரம் மிகக் குறைவு. பாரையோ விளமீனோ முழுதாக வாங்கி, நன்றாக ஈரம் துடைத்து, மீனுக்கு எண்ணெய் பூசி, சூடேறிய கம்பியில் வையுங்கள். திருப்பும்போது ஒட்டினால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம், இழுக்காமல் பொறுங்கள், தானாக விடும். துணிவு வராதவர்கள் வாட்டிய வாழையிலையில் சுற்றி வையுங்கள்.

கம்பியைச் சுத்தம் செய்யக் கம்பித் தூரிகை வாங்காதீர்கள். அதன் மயிர் உதிர்ந்து உணவோடு வயிற்றுக்குள் போகலாம். கம்பி சூடாக இருக்கும்போதே நீளமான இடுக்கியில் பொச்சைப் பிடித்துத் தேயுங்கள், வடிவாகப் போகும்.

பிறகு சேர்த்தது

இதை வாசித்துவிட்டுத் தெகிவளையில் இருந்து ஓர் அக்கா கேட்டார்: மழை வந்தால் கிறிலைக் கராஜுக்குள் தள்ளலாமா, தொடர்மாடி பல்கனியில் வைக்கலாமா? இரண்டும் கூடாது. எரியும் கரியில் இருந்து காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வரும், நிறமும் மணமும் இல்லை, மயக்கம் வரும்வரை தெரியாது. அணைந்தது போல இருக்கும் தணலும் அப்படித்தான். மழை தூறினால் மூடி போட்டபடி வெளியிலேயே விடுங்கள், மேல் துவாரத்தால் விழும் நாலு துளி ஒன்றும் செய்யாது. பெருமழை என்றால் இறைச்சியை எடுத்து வீட்டு அடுப்பில் முடியுங்கள்.

இன்னொருவர் மூடியின் உட்புறப் பெயின்ற் உரிகிறது என்று படம் அனுப்பினார். அது பெயின்ற் அல்ல, புகையும் நெய்யும் படிந்து காய்ந்த கரி. பேப்பரைக் கசக்கித் தேய்த்தால் போகும்.

மூன்று பேர் கேட்டது கடற்காற்றுப் பற்றி. கீழ்த் துவாரத்தைச் சுண்டுவிரல் அளவுக்குக் குறைத்தும் சூடு ஏறிக்கொண்டே போகிறதாம். காற்று நேராகக் கீழ்ப் பக்கத்தில் அடிக்கிறது. கிறிலை மதிலோரம் நகர்த்துங்கள், அல்லது கடல் பக்கமாக இரண்டு கல்லில் ஒரு தகரத்தைச் சாய்த்து வையுங்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை நான் அரை விரலுக்கு மேல் திறப்பதே இல்லை.

முடிந்ததும் மேலும் கீழும் முழுதாக மூடிவிடுங்கள். ஒரு மணித்தியாலத்தில் தணல் அணையும், மிஞ்சிய கரியை அடுத்த முறை அரித்துப் பாவிக்கலாம். சாம்பலை அன்றே தொடாமல், மறுநாள் மூடியுள்ள தகரப் பேணியில் எடுங்கள். ஆனால் அதற்கு மேல் உள்ளே விட வேண்டாம். நமது காற்றில் சாம்பல் ஈரமாகி, காரமாகி, தகட்டை அரித்துவிடும். என் முதல் சாம்பல் தட்டு ஒரு மழைக்காலத்துக்குள் ஓட்டையானது. இப்போது திங்கட்கிழமை காலையில் தேத்தண்ணி குடிக்க முதல் அதைக் கொட்டிவிட்டு, கம்பியில் தேங்காயெண்ணெய் பூசி வைக்கிறேன்.