கஞ்சாப் பயிருக்கான பீடைநாசினி விதிகளை வாசிப்பது எப்படி

இலங்கையில் கஞ்சாச் செடியை அனுமதியின்றி வளர்ப்பது நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். ஆகவே இந்த வழிகாட்டி செய்கைக்கானது அன்று. சட்டப்படி கஞ்சா வளர்க்கப்படும் நாடுகளில் அரசாங்கம் பீடைநாசினியை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதை, ஒருவர் அந்த நாட்டின் விதிகளைத் தாமே வாசித்து அறிந்துகொள்வதற்காக இது எழுதப்படுகிறது. திருகோணமலையில் இதற்குத் தேவை இல்லாமலில்லை. கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிக்கும் மாணவருக்கு மூலிகையில் தங்கும் நஞ்சு பற்றிய கேள்வி பாடத்தோடு ஒட்டியது. கனடாவில் பசுமைக்கூட வேலைக்குச் செல்லும் உறவினர்களுக்கு அது அன்றாடத் தொழில். ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்க்கலாமா என்ற பேச்சு அரசியலில் எழுந்த பின்னர், கமநல சேவை நிலையக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்க விரும்பும் விவசாயிக்கும் இந்த விவரங்கள் உதவும்.

வெளிநாட்டு விதிகளைத் திறப்பதற்கு முன்னர், வீட்டிலோ கடையிலோ உள்ள ஒரு பீடைநாசினிப் போத்தலின் லேபலை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்கு வாங்கப்படும் எந்த மருந்திலும் எந்தப் பயிருக்கு, எந்தப் பீடைக்கு, எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு கலப்பது, கடைசியாக அடித்த பின் அறுவடைக்கு எத்தனை நாள் பொறுப்பது என்பவை எழுதப்பட்டிருக்கும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், பதிவாளர் பதிவு செய்யாத மருந்தை இந்த நாட்டில் விற்க முடியாது. அந்தப் பதிவும் பயிரைச் சுட்டியே வழங்கப்படுகிறது. வெங்காயத்துக்கு அடித்து மிஞ்சியதைப் பக்கத்துப் பாத்தியில் நிற்கும் கத்தரிக்கும் அடித்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு என்றாலும், சட்டத்தின் பார்வையில் ஒரு பயிருக்குக் கிடைத்த அனுமதி அடுத்த பயிருக்குச் செல்லாது. கஞ்சா பற்றிய எல்லா நாட்டு விதிகளும் இந்த ஒரு அடிப்படையிலிருந்தே கிளைக்கின்றன.

எனவே ஒரு நாட்டின் விதியை எடுத்தவுடன் முதலில் தேட வேண்டியது, மருந்தைப் பதிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்த அதிகாரி கஞ்சாவை ஒரு பயிராக ஏற்றிருக்கிறாரா என்பதையே. கனடாவில் இதற்கு விடை எளிது. 2018 ஒக்டோபர் 17இல் கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பீடைநாசினிகளைப் பதிவு செய்வதும் கஞ்சா உற்பத்தியாளருக்கு உரிமம் வழங்குவதும் மத்திய அரசின் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவின் பொறுப்பிலேயே இருக்கின்றன. கஞ்சாவுக்கெனப் பதிவு பெற்ற மருந்துகளின் பட்டியலைப் பார்த்தால் போதும். அதில் இல்லாததை உரிமம் பெற்றவர் செடியில் தெளிக்க முடியாது.

அமெரிக்காவில் அப்படியன்று. அங்கே மருந்துகளைப் பதிவு செய்வது மத்திய அரசின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம்; கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியவையோ தனித்தனி மாநிலங்கள். மத்திய சட்டம் தடைசெய்த பயிருக்கு மத்திய முகவரகம் மருந்து பதிவு செய்யாததால், உரிமம் பெற்ற தோட்டங்கள் இயங்கத் தொடங்கிய காலத்தில், கஞ்சா என்ற பெயர் எழுதிய லேபல் ஒன்றுகூட இருக்கவில்லை. பெயர் இல்லாததைத் தடை இல்லை என்று சிலர் வாசித்தார்கள். அது பிழையான வாசிப்பாகும், ஏனெனில் லேபலுக்கு மாறாக மருந்தைப் பயன்படுத்துவதே மத்திய சட்டத்தில் குற்றம். கொலராடோ மாநிலத்தில் இந்த இடைவெளி பெரும் சிக்கலாகி, மருந்து எச்சம் காணப்பட்ட கஞ்சாவைப் பொதுமக்கள் பாதுகாப்புக்கு ஆபத்தானது என 2015 நவம்பரில் ஆளுநர் அறிவிக்க நேர்ந்தது. அம்மாநில விவசாயத் திணைக்களம் பின்பற்றிய வழி கவனிக்கத்தக்கது: பயிரின் பெயரைக் குறிப்பிடாமல் பரந்த சொற்களில் எழுதப்பட்ட லேபலாக இருக்க வேண்டும், உணவில் எச்ச எல்லை (தங்கியிருக்க விடப்படும் மருந்தின் உச்ச அளவு) வகுக்கத் தேவையில்லை என விலக்களிக்கப்பட்ட மூலப்பொருளாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை வைத்து, அவற்றுக்குள் அடங்கியவற்றை மட்டும் அது பட்டியலிட்டது.

இங்கே ஹெம்ப் எனப்படும் நார்வகைக் கஞ்சாவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உலர்ந்த நிறையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி. என்ற போதைதரும் வேதிப்பொருள் இல்லாத செடியை 2018ஆம் ஆண்டின் அமெரிக்க விவசாயச் சட்டம் தடையிலிருந்து விடுவித்தது. அதன்பின் 2019 டிசம்பரில் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் ஹெம்புக்கு 10 மருந்துகளை ஏற்றது. அவற்றில் 9 உயிரியல் பீடைநாசினிகள். ஹெம்புக்குக் கிடைத்த இந்த அனுமதியைப் போதைவகைக் கஞ்சாவுக்கும் கிடைத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘இயற்கையானது’ என்ற சொல்லும் எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டியது. உள்ளிப்பூண்டு எண்ணெய், கராம்பு எண்ணெய், சிற்றிக் அமிலம் போன்ற சிலவற்றை மிகக் குறைந்த ஆபத்துடையவை என அமெரிக்கச் சட்டம் மத்தியப் பதிவிலிருந்து விலக்கியிருக்கிறது. நம் வளவிலேயே நிற்கும் வேம்பின் எண்ணெய் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. அது பதிவு பெற்றே விற்கப்பட வேண்டும். செவ்வந்தி இனப் பூவொன்றிலிருந்து பெறப்படும் பைரித்திரினுக்குக் கலிபோர்னியா எச்ச எல்லை வகுத்திருக்கிறது.

அடுத்த கேள்வி, விளைபொருள் எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பது. பலர் தாண்டிப் போகும் இடம் இதுதான்; என் கணிப்பில் முழு விடயத்தின் கருவும் இதுவே. உணவுப் பயிரின் எச்ச எல்லைகள், மனிதர் அந்த உணவைக் கழுவி, சமைத்து, உண்டு, குடலும் ஈரலும் அதைக் கையாளும் என்ற கணக்கில் வகுக்கப்பட்டவை. கஞ்சாப் பூ கழுவப்படுவதில்லை. அது எரிக்கப்படுகிறது, புகை நேரே நுரையீரலுக்குச் செல்கிறது. தூள் பூஞ்சண நோய்க்கு முந்திரிகை (திராட்சை) தோட்டங்களில் அடிக்கப்படும் மைக்ளோபியூட்டனில் என்ற பங்கசுநாசினியை எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரிகைப் பழத்தில் அது அனுமதிக்கப்பட்டது. சூடாக்கினால் அது சிதைந்து ஐதரசன் சயனைட்டு என்ற நச்சு வாயுவை வெளியிடக்கூடியது. கனடாவில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் உரிமம் பெற்ற சில உற்பத்தியாளரின் கஞ்சாவிலேயே இந்த மருந்து கண்டுபிடிக்கப்பட்டு, பொருட்கள் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டன. கலிபோர்னியாவின் விதி இதை எண்ணிலேயே காட்டுகிறது: உண்ணும் பொருளில் மைக்ளோபியூட்டனில் கிராமுக்கு 9 மைக்ரோகிராம் வரை இருக்கலாம், உள்ளிழுக்கும் பொருளில் 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு நாட்டின் விதியில் இந்த இரு வழிகளும் பிரிக்கப்படாமல் ஒரே எல்லை வகுக்கப்பட்டிருந்தால், அந்த எல்லை புகையை எண்ணி வகுக்கப்பட்டதா என்று கேளுங்கள். புகையிலை முன்மாதிரியாக உதவாது. அது உணவு அல்ல என்பதால் அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அதற்கு எச்ச எல்லையே வகுப்பதில்லை. பூவிலிருந்து எண்ணெய் பிரித்தெடுக்கும்போது மருந்தின் எச்சமும் அதோடு சேர்ந்து செறிவடையும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு, செறிவுப் பொருட்களுக்குத் தனிப் பரிசோதனை கோரப்படுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு பரிசோதனைப் பட்டியலுக்கு வாருங்கள். ஒரிகன் மாநிலத்தின் பட்டியலில் 59 மருந்துகள் இருந்தன. கலிபோர்னியா 66ஐ இரு வகையாகப் பிரித்தது: முதல் வகையின் 21 மருந்துகளில் எது கண்டறியப்பட்டாலும் பொருள் தோல்வி; இரண்டாம் வகையின் 45க்கு எல்லைகள் உண்டு. கனடா 2019 ஜனவரி 2 முதல் கட்டாயப் பரிசோதனையைக் கொண்டுவந்தபோது அதன் பட்டியலில் 96 மூலப்பொருட்கள் இருந்தன. நீளமான பட்டியல்தான் இறுக்கமான சட்டம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆய்வுகூடம் பட்டியலில் உள்ளதை மட்டுமே தேடும். பட்டியலுக்கு வெளியே ஒரு மருந்தை அடித்தவர் சோதனையில் தேறிவிடலாம். ஆகவே பட்டியலோடு தெளிப்புப் பதிவேடும் கோரப்படுகிறதா என்று தேடுங்கள். கனடாவில் உற்பத்தியாளர் தாம் இட்ட மருந்தின் பெயர், அளவு, முறை, திகதி, இட்ட காரணம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். காரணத்தையும் கேட்பதை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் நோய் வருமுன் வாரத்துக்கொரு முறை அடித்து வைக்கும் பழக்கத்தை அந்த ஒரு நிரல் வெளிக்காட்டிவிடும். பட்டியலில் பூச்சிக்கொல்லியல்லாத பெயர்களும் வரும். பெக்குளோபியூட்ராசோல், டமினோசைட் ஆகிய இரண்டும் செடியைக் குட்டையாக்கும் வளர்ச்சி ஒழுங்காக்கிகள். அவை கலிபோர்னியாவின் முதல் வகையிலேயே இருக்கின்றன.

மாதிரியை யார் எடுக்கிறார் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். உற்பத்தியாளரே தெரிந்தெடுத்து அனுப்பும் மாதிரிக்கும், கலிபோர்னியாவில் போல 50 இறாத்தலுக்கு மேற்படாத தொகுதியிலிருந்து ஆய்வுகூட ஊழியர் வந்து எடுக்கும் மாதிரிக்கும் வேறுபாடு பெரிது. தோல்வியுற்ற தொகுதி அழிக்கப்படுமா, வேறு பொருளாக மாற்ற இடமுண்டா, தண்டப்பணம் எவ்வளவு என்பனவும் அதே பகுதியில் இருக்கும். கனடாவின் கஞ்சாச் சட்டத்தில் நிர்வாகத் தண்டப்பணம் 10 இலட்சம் டொலர் வரை செல்லலாம். ஐரோப்பாவில் மருத்துவக் கஞ்சாவைப் பார்ப்பவர்கள் விவசாயச் சட்டத்தில் மட்டும் தேடாமல், மூலிகை மருந்துகளுக்கு எச்ச எல்லை வகுக்கும் ஐரோப்பிய மருந்தியல் நூலையும் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கைக்கு வருவது பரிசோதனைச் சான்றிதழ். அதிலுள்ள தொகுதி இலக்கம் பொதியில் உள்ள இலக்கத்தோடு பொருந்துகிறதா, ஆய்வுகூடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 17025 தர அங்கீகாரம் உண்டா, சோதனை பூவில் செய்யப்பட்டதா எண்ணெயிலா என்பவற்றை முதலில் சரிபாருங்கள். பின்னர் ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரிகளுக்குப் பக்கத்தில், அந்த ஆய்வுகூடம் அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அரசாங்கத்தின் எல்லை 0.1 ஆக இருக்க, கருவி 0.5க்குக் கீழ் அளக்க முடியாததாக இருந்தால், அந்த வரி எதையும் நிரூபிக்காது. அளவு எழுதப்படாத சான்றிதழை ஏற்காமல், வழங்கிய ஆய்வுகூடத்திடம் அந்த எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.