ஸ்டீவன்ஸ் பாடத்தைக் கல்லறையில் தொடங்குங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரை நடத்தும்போது லிங்கனோடு நிறுத்திவிடாமல், ஒரு பீரியடை, அடிமைமுறையை எதிர்த்து நின்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸுக்குக் கொடுங்கள். ஆனால் '1792-இல் வெர்மான்ட்டில் பிறந்தார்' என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்சு தூங்கிவிடும். இருபது ஆண்டு சாக்பீஸ் பிடித்தவன் சொல்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் அவருடைய கல்லறை வாசகத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். நான் எழுதிப்போடும் தமிழ் இது: "தனிமையை விரும்பி இந்த ஒதுக்குப்புறத்தில் நான் துயிலவில்லை. மற்ற இடுகாடுகள் இனம் பார்த்து இடம் தருவதால் இதைத் தேர்ந்தேன். படைத்தவன் முன் மனிதர் எல்லாரும் சமம் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியதை, சாவிலும் காட்டுவதற்காக." எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "அங்கேயும் தனித்தனி இடுகாடுதானா ஐயா?" அதற்குமேல் நான் முன்னுரை சொல்லத் தேவைப்படவில்லை.

அடுத்து, அவருடைய கறையை மறைக்காதீர்கள். அவர் வழக்கறிஞராக இருந்த பென்சில்வேனியா மாநிலத்தில், தொடர்ந்து ஆறு மாதம் வைத்திருக்கப்பட்ட அடிமைக்கு விடுதலை என்பது அன்றைய சட்டம். அதை நம்பி சாரிட்டி பட்லர் என்ற பெண் வழக்குத் தொடுத்தார். அவர் அங்கே விட்டுவிட்டுத் தங்கிய நாள்களைக் கூட்டி ஆறு மாதம் என்று கணக்கிடக் கூடாது என்று எஜமானர் தரப்பில் வாதாடி 1821-இல் வென்ற வழக்கறிஞர், இதே ஸ்டீவன்ஸ். பெரிய மனிதர்களைத் தொட்டிலிலேயே உத்தமர்களாக்குவது நம் பாடநூல்களின் நோய். அதே மனிதர்தான் 1838-இல், கறுப்பரின் வாக்குரிமையைப் பறித்த மாநில அரசமைப்பில் கையெழுத்திட மறுத்தார் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அடிமைமுறையை ஒழித்த 13-ஆம் அரசமைப்புத் திருத்தத்துக்கும், குடியுரிமையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பும் தந்த 14-ஆம் திருத்தத்துக்கும் அவர் பாடுபட்டதையும், நாற்காலியில் தூக்கிவரப்பட்டு லிங்கனுக்குப் பின் வந்த அதிபர் ஜான்சனைப் பதவி நீக்கப் போராடி, 1868-இல் ஒரே வாக்கில் தோற்றதையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

மிச்ச நேரம் முழுவதும் நிலத்துக்கு. பெரும் பண்ணைகளைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வீதம் கொடுக்கச் சொன்னார்; அவருடைய கட்சியே கேட்கவில்லை. நிலமில்லாதவன் விடுதலையான மறுநாள் காலை யாரிடம் வேலை கேட்பான் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பாதிப் பேர் வீட்டில் ஒரு குத்தகைக் கதை இருக்கும், பேசவிடுங்கள்.

மணி அடித்தாலும் கரும்பலகையை அழிக்காதீர்கள். அடுத்து வரும் கணக்கு ஆசிரியர் கோபித்துக்கொள்வார். அழிப்பதற்கு முன் அவரும் ஒருமுறை படித்துவிடுவார்.