ஆஸ்திரேலிய பார்பிக்யூவுக்கு அழைப்பு வந்தால் செய்ய வேண்டியவை

படிப்புக்காகவோ வேலைக்காகவோ ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தவருக்கு அந்நாட்டாரின் உணவுப் பழக்கம் நெருக்கமாகத் தெரியவரும் முதல் இடம், பெரும்பாலும் உடன் பணிபுரிபவரோ அடுத்த வீட்டுக்காரரோ கோடையின் வார இறுதியில் அழைக்கும் பார்பிக்யூதான், அதாவது திறந்தவெளியில் இறைச்சி சுட்டு உண்ணும் விருந்துதான். அங்கே கோடை என்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. நம் வழக்கத்தில் விருந்து என்றால் சமைப்பதும், பரிமாறுவதும், 'போதும் போதும்' என்றாலும் வற்புறுத்தி வைப்பதும் வீட்டுக்காரரின் கடமை. அங்கோ அடுப்பும் இடமும் ஓரளவு இறைச்சியும் மட்டுமே வீட்டுக்காரருடையவை. மற்றவற்றில் பெரும்பங்கு வருகிறவர்கள் கையில் இருக்கிறது. யாரும் உங்கள் தட்டில் எதையும் எடுத்து வைக்க மாட்டார்கள் என்பதால், பசியோடு காத்து நிற்காமல் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அழைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். 'பிஒய்ஓ' என்றிருந்தால் குடிப்பதற்கு வேண்டியதை அவரவரே கொண்டுவர வேண்டும். சில வீடுகளில் சுடுவதற்கான இறைச்சியும் அதில் அடங்கும். 'பிரிங் எ பிளேட்' என்றிருந்தால் பலரும் பகிர்ந்து உண்ணக்கூடிய ஒரு பதார்த்தத்தோடு வரச் சொல்கிறார்கள். என்ன கொண்டுவரட்டும் என்று நீங்கள் கேட்டு, "ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்" என்று பதில் வந்தாலும் வெறுங்கையோடு போக வேண்டாம். குளிர்பானமோ, சிப்ஸும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் ஏதாவதொன்றோ போதும்.

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி உண்ணாதவர்களும், ஹலால் பார்ப்பவர்களும், சைவர்களும் அழைப்புக்குப் பதில் சொல்லும்போதே அதைச் சொல்லிவிடுவது நல்லது. அங்கே இதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. பந்திக்கு வந்த பிறகு தயங்கித் தயங்கிச் சொல்வதுதான் வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாசேஜ்கள் (கொத்திய இறைச்சியை நீளமாக உறையில் அடைத்தவை) பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்தவை, சிலவற்றில் பன்றி இறைச்சியும் உண்டு. கோழி, ஆட்டிறைச்சி, காய்கறி சாசேஜ்களும் அதே அலமாரிகளில் கிடைப்பதால், உங்களுக்கு வேண்டியதை நீங்களே ஒரு பொட்டலம் வாங்கிப் போய்விட்டால் சிக்கலே இல்லை. ஒரே கல்லில் எல்லாம் வேகும் என்பதால், சைவர்கள் ஒரு அலுமினியத் தாளும் எடுத்துச் சென்று அதன்மேல் தங்களுடையதை வைக்கச் சொல்லலாம்.

நம் சமையலைக் கொண்டுபோகலாமா என்றால், தாராளமாகக் கொண்டுபோகலாம். நின்றபடி ஒரு கையால் உண்ணக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்: மசால் வடை, மசாலா தடவிக் குச்சியில் கோத்த கோழித்துண்டுகள் போன்றவை சீக்கிரம் காலியாகிவிடும். குழம்பு வகைகளைக் காகிதத் தட்டில் வைத்துக்கொண்டு அவர்கள் திண்டாடுவதைப் பார்க்க நமக்கே பாவமாக இருக்கும். காரத்தைப் பாதியாகக் குறையுங்கள். முந்திரியோ நிலக்கடலையோ சேர்த்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், ஏனெனில் கொட்டை ஒவ்வாமையை அங்கே மிகுந்த எச்சரிக்கையோடு பார்க்கிறார்கள். எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம் கொண்டுபோனால் நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலிய உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதலின்படி, 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் 2 மணி நேரத்துக்குள் இருந்த உணவை மீண்டும் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். 2 முதல் 4 மணி நேரம் இருந்ததை உடனே உண்டுவிட வேண்டும். அதற்கும் மேல் போனால் கொட்டிவிட வேண்டும். வெயிலில் காரில் வைத்திருந்த நேரமும் இந்தக் கணக்கில் சேரும். அதனால்தான் அங்கே வீட்டுக்கு வீடு 'எஸ்கி' எனப்படும் ஐஸ் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

அடுப்பருகே இடுக்கியைப் பிடித்திருப்பவர் ஒருவர்தான் இருப்பார். அவர் கேட்காமல் இடுக்கியை வாங்கிப் புரட்ட வேண்டாம். பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுப்பதே அவருக்குச் செய்யும் உதவி. நீங்களே சுட நேர்ந்தால், சாசேஜைக் குத்தாமல், மிதமான சூட்டில் அடிக்கடி உருட்டிவிட்டு, நடுப்பகுதி 75 டிகிரியை எட்டும்வரை வேகவிடுங்கள். வெங்காயத்தை வளையமாக அரிந்து, ஓரத்தில் பொன்னிறமாகும்வரை பொறுமையாக வதக்க வேண்டும். ஒரே ஒரு வெள்ளை ரொட்டித் துண்டை உள்ளங்கையில் விரித்து, வெங்காயத்தைப் பரப்பி, மூலைக்கு மூலையாகச் சாசேஜை வைத்து, தக்காளி சாஸை ஒரு கோடாக ஊற்றி, மற்ற இரு மூலைகளையும் மடித்துக் கடிப்பதே முறை. வெங்காயம் மேலே இருக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. 2018-ல் பன்னிங்ஸ் வன்பொருள் கடைகள், கீழே விழும் வெங்காயத்தில் வாடிக்கையாளர் வழுக்கி விழக்கூடும் என்று சொல்லி, தங்கள் வாசலில் இந்தச் சாசேஜ் ரொட்டியை விற்பவர்கள் வெங்காயத்தை அடியில் வைக்க வேண்டும் என்று அறிவித்தபோது நாடே அதைப் பற்றி விவாதித்தது. பள்ளிகளும் விளையாட்டுச் சங்கங்களும் நிதி திரட்ட வார இறுதிகளில் அங்கே இதை விற்கின்றன. அழைப்புக்கு முன் பழகிக்கொள்ள விரும்புகிறவர்கள் அங்கே ஒன்றை வாங்கி உண்டு பார்க்கலாம்.

அழைப்பு பூங்காவில் என்றால், அங்கே நகராட்சி அமைத்த இலவச மின் அடுப்பு பெரும்பாலும் இருக்கும். எவர்சில்வர் தகடும், கொழுப்பு வடிய ஒரு துளையும், ஒரு பொத்தானும்தான் அதன் அமைப்பு. பொத்தானை அழுத்தினால் சூடேறி, சிறிது நேரத்தில் தானாகவே அணைந்துவிடும் என்பதால், சாசேஜ் ஏன் வேகவில்லை என்று வியக்காமல் மீண்டும் அழுத்துங்கள். கடும் தீ அபாயமுள்ள நாட்களில் விறகு, கரி அடுப்புகளுக்குத் தடை உண்டு; எரிவாயு, மின் அடுப்புகளுக்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் காலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பூங்காவில் மது அருந்தலாமா என்பதையும் அங்குள்ள பலகையே சொல்லும்.

நம் ஊர் விருந்துபோல உண்டு கைகழுவிய உடனே விடைபெற வேண்டியதில்லை. இனிப்பாகப் பாவ்லோவாவோ, தேங்காய்த்தூளில் புரட்டிய சாக்லேட் கேக்கான லாமிங்டனோ வரும்வரை இருங்கள். பாவ்லோவா முட்டை வெண்கருவில் செய்வது என்பதைச் சைவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கிளம்பும்முன் தட்டுகளைச் சேகரிக்கக் கைகொடுங்கள். பூங்கா அடுப்பாக இருந்தால், தகடு வெதுவெதுப்பாக இருக்கும்போதே தோசைத்திருப்பியால் சுரண்டிக் காகிதத்தால் துடைத்துவிடுங்கள். அடுத்த குடும்பம் பெரும்பாலும் பக்கத்திலேயே காத்திருக்கும். உங்கள் பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டியிருந்தால் அது தவறாமல் வீடு வந்து சேரும்.